ஆபிரிக்கச் சுரங்கத்தில் ஒரு பெண் பொறியியலாளர்: நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வழி தெரிய வேண்டும்



சாதாரண தரப் பெறுபேறு வரும் காலத்தில் நம் லயங்களில் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பொம்பளப் புள்ளைக்கு கணக்கும் விஞ்ஞானமும் எதுக்கு? ஆர்ட்ஸ் படிச்சா டீச்சராகலாம். இல்லாட்டி கொழும்புல கடைக்கு அனுப்பலாம்." பெற்றோர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வழி தெரியாததாலேயே இப்படிப் பேசுகிறார்கள். கணிதம் படித்த பெண் பிள்ளை எங்கே போய் என்ன வேலை செய்கிறாள் என்பதை நம்மில் அநேகர் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே இந்த இதழில் நாம் ஒரு தொழிலை எடுத்து விளக்குகிறோம். அது இரசாயனப் பொறியியல். அதிலும் ஆபிரிக்காவின் சுரங்கங்களில் பெண்கள் செய்யும் இரசாயனப் பொறியியல். ரொம்பத் தூரத்து விஷயம் போலத் தோன்றும். வாசித்துப் பாருங்கள், நம் ஸ்டோருக்கும் நம் வீட்டு அடுப்படிக்கும் பக்கத்து விஷயம் என்பது புரியும்.

இரசாயனப் பொறியியலாளர் என்பவர் யார்?

மருந்து கலக்குபவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு பொருளைப் பெரிய அளவில் இன்னொரு பொருளாக மாற்றும் தொழிற்சாலையைத் திட்டமிட்டு நடத்துபவரே இரசாயனப் பொறியியலாளர்.

நம் தேயிலை ஸ்டோரையே எடுத்துக்கொள்வோம். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை வாட்டுகிறோம், ரோலரில் உருட்டுகிறோம், நொதிக்க விடுகிறோம், டிரையரில் காய வைக்கிறோம், சலித்துத் தரம் பிரிக்கிறோம். ஏறக்குறைய நூறு கிலோ கொழுந்துக்கு இருபத்தொரு இருபத்திரண்டு கிலோ தூள் கிடைக்கிறது. சூடு கொஞ்சம் கூடினால் தூள் கருகும். நேரம் கொஞ்சம் தவறினால் மணம் போகும். எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பதை டீமேக்கர் கையாலும் மூக்காலும் கண்டுபிடிக்கிறார். இதையே அளவுகோலாலும் கணக்காலும் சொல்லக் கற்றுத் தருவதுதான் இரசாயனப் பொறியியல் படிப்பு. பால்மா, சீனி, சவர்க்காரம், உரம், மருந்து, பெற்றோல், குடிநீர் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் படிப்பு இருக்கிறது. சுரங்கத்துக்கும் அதுவேதான்.

பாறைக்குள் இருக்கும் தங்கம் வெளியே வருவது எப்படி?

தங்கச் சுரங்கம் என்றதும் மண்வெட்டியால் வெட்டினால் கட்டிகட்டியாகத் தங்கம் வரும் என்று எண்ண வேண்டாம். தென்னாபிரிக்கா போன்ற இடங்களில் ஒரு தொன் பாறையை, அதாவது ஆயிரம் கிலோவை, உடைத்தால் சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு மோதிரத்துக்குக் காணும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பாறைக்குள் கலந்திருக்கும்.

முதலில் பாறையை உடைத்து, பெரிய உருளைக்குள் இரும்புக் குண்டுகளோடு போட்டு மாவாக அரைக்கிறார்கள். தண்ணீர் சேர்த்துச் சேற்றுக் குழம்பாக்குகிறார்கள். அந்தக் குழம்பில் மிகக் குறைந்த அளவு சயனைட் கரைசல் சேர்க்கிறார்கள். காற்றும் ஊதப்படுகிறது. சயனைட்டும் காற்றிலுள்ள ஒக்சிசனும் சேர்ந்து தங்கத்தைத் தண்ணீரில் கரைத்துவிடுகின்றன. சீனி கரைவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரைந்த தங்கத்தைத் திரும்பப் பிடிப்பது எப்படி? இங்கேதான் நமக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியால் பதப்படுத்திய கரியை அந்தக் குழம்பில் போடுகிறார்கள். கரியின் நுண்ணிய துளைகளுக்குள் தங்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. சிரட்டைக் கரி கெட்டியானது, அரைபட்டுப் பொடியாகாது. அதனால் உலகத்துத் தங்க ஆலைகள் இதையே விரும்பி வாங்குகின்றன. இந்தக் கரியை ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளில் நம் இலங்கையும் ஒன்று. சம்பல் அரைத்துவிட்டு நாம் அடுப்பில் போடுகிற அதே சிரட்டைதான் ஆபிரிக்காவில் தங்கத்தைப் பிடித்துத் தருகிறது. பிறகு கரியிலிருந்து தங்கத்தைக் கழற்றி, மின்சாரம் செலுத்திப் படியவைத்து, உருக்கிக் கட்டியாக வார்க்கிறார்கள்.

சயனைட் கொடிய நஞ்சு. குழம்பு புளிப்புத் தன்மைக்கு மாறினால் நச்சு வாயு கிளம்பும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்த்து, புளிப்புக்கு எதிரான காரத் தன்மையிலேயே குழம்பை வைத்திருக்க வேண்டும். இந்த அளவை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பது இரசாயனப் பொறியியலாளரின் பொறுப்பு. அவர் கணக்குத் தவறினால் தங்கமும் போகும், உயிரும் போகும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆலை நாளொன்றுக்கு 10,000 தொன் பாறையை அரைக்கிறது, தொன்னுக்கு 4 கிராம் தங்கம் என்று வையுங்கள். உள்ளே போவது 40 கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பிடித்த ஆலை தொண்ணூற்றிரண்டு பங்கைப் பிடித்தால், நாளொன்றுக்கு 800 கிராம் தங்கம் கூடுதல். அரைக்கும் மாவின் அளவையும் ஊதும் காற்றையும் கரியின் அளவையும் கொஞ்சம் திருத்தி இந்த இரண்டு பங்கை மீட்பவர்தான் நல்ல பொறியியலாளர். இவர்களுக்கு ஏன் நல்ல சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

சரித்திரமும் இதையே சொல்கிறது. தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் 1886ல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஜொகன்னஸ்பேர்க் நகரம் அப்படித்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே ஆழத்தில் கிடைத்த பாறையிலிருந்து பழைய முறையில் தங்கத்தைப் பிரிக்க முடியாமல் போயிற்று. நகரமே கலைந்துவிடும் என்ற நிலை. 1887ல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்ற இரசாயனவியலாளரும், பொரெஸ்ட் என்ற பெயருடைய இரு வைத்தியச் சகோதரர்களும் கண்டுபிடித்த சயனைட் முறை 1890ல் அங்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகே அந்தத் தொழில் நிலைத்தது. மண்வெட்டியால் முடியாததை இரசாயனம் முடித்துவைத்தது.

பெண்களுக்குப் பூட்டியிருந்த கதவு

சர்வதேச தொழில் அமைப்பு 1935ல் 45ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. சுரங்கத்தின் நிலத்தடி வேலையில் பெண்களை அமர்த்தக் கூடாது என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் பெண்களும் சிறு பிள்ளைகளும் நிலத்தடியில் பட்ட கஷ்டத்தைப் பார்த்து நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. இலங்கையிலும் 1937ல் சுரங்கங்களில் பெண்களை வேலைக்கமர்த்துவது பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது.

ஆனால் காலம் மாறியபோது பாதுகாப்புக்காக வந்த சட்டமே தடையாகிவிட்டது. படித்த பெண்ணும் கீழே இறங்க முடியாது என்றால் மேலதிகாரியாவது எப்படி? தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994ல் முடிவுக்கு வந்தது. 1996ஆம் ஆண்டின் சுரங்கச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தோடு பெண்கள் மீதிருந்த நிலத்தடித் தடை நீங்கியது. 2004ல் நடைமுறைக்கு வந்த சுரங்கத்துறைப் பட்டயம், ஐந்து ஆண்டுகளுக்குள் சுரங்க வேலையில் பத்துக்கு ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்தியா 2019ல் நிலத்தடிக் கதவைப் பெண்களுக்குத் திறந்தது. 2021ல் ஆகாங்ஷா குமாரி என்ற சுரங்கப் பொறியியலாளர் அரசு நிலக்கரி நிறுவனமொன்றின் நிலத்தடிச் சுரங்கத்தில் பொறுப்பேற்றார். 2024ல் சர்வதேச தொழில் அமைப்பே அந்தப் பழைய சமவாயத்தை ரத்துச் செய்துவிட்டது.

ஒரு பெண் ஏறிய படிகள்

தென்னாபிரிக்காவின் ம்பூமி ஸிகலாலா என்ற பெண்மணியை உதாரணமாகச் சொல்லலாம். அவர் கறுப்பின மக்களில் ஒருவர். ஜொகன்னஸ்பேர்க்கிலுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் படித்தார். படிப்பு முடிந்து டி பியர்ஸ் வைர நிறுவனத்தில் சேர்ந்தார்.

வைரத்தில் சயனைட்டுக்கு வேலை இல்லை. பாறையை உடைத்து, பாரமான கல்லையும் இலேசான கல்லையும் கனமான கரைசலில் மிதக்கவிட்டுப் பிரித்து, கடைசியில் எக்ஸ் கதிர் பட்டதும் ஒளிரும் வைரத்தை இயந்திரம் பொறுக்கி எடுக்கும். ஸ்டோரில் சலித்துத் தரம் பிரிப்பதன் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். இப்படிப்பட்ட ஆலைகளில் தொடங்கிய ஸிகலாலா, முப்பது வயதாகும் முன்பே 2007ல் டி பியர்ஸின் முதல் பெண் பொது முகாமையாளரானார். 2022 ஜனவரியில் கும்பா இரும்புத்தாது நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். அந்த நிறுவனத்தின் சிஷென் சுரங்கத்திலிருந்து இரும்புத்தாது 861 கிலோமீற்றர் ரயில் பாதையில் சல்டானா துறைமுகத்துக்குப் போகிறது. இலங்கையின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொருவர் நட்டாஷா வில்யோன். இவர் படித்தது தாதிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் பொறியியல், இரசாயனப் பொறியியலுக்குச் சொந்தச் சகோதரி. 2020ல் தென்னாபிரிக்காவின் மிகப் பெரிய பிளாட்டினம் நிறுவனங்களில் ஒன்றுக்குப் பிரதம அதிகாரியானார்.

இரண்டு பேரும் பயிற்சிப் பொறியியலாளர் நிலையைத் தாண்டித்தான் மேலே வந்தார்கள். காலில் பூட்ஸ், தலையில் தொப்பி, கையில் மாதிரி எடுக்கும் போத்தல், இரவு ஷிப்ட். பொறியியலாளர் என்றால் மேசை நாற்காலி வேலை என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு செய்தி: இரசாயனப் பொறியியலாளரின் ஆலை பெரும்பாலும் நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கிடங்குக்குள் இருக்க வேண்டிய தேவை இல்லை.

நம் இனத்துக்கும் ஆபிரிக்கச் சுரங்கத்துக்கும் பழைய உறவு

நம் பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்த அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேறு கப்பலில் ஏறியவர்கள் ஆபிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கென்று போனவர்களில் பலர் பிறகு நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க விரும்பினால் வருடத்துக்கு மூன்று பவுண் தலைவரி.

1913 ஒக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், சிலர் கையில் குழந்தை. தொழிலாளரிடம் நேரே போய், இந்த வரி போகும்வரை வேலை செய்யாதீர்கள் என்று கேட்டார்கள். சுரங்கங்கள் நின்றன. காந்தியடிகள் தலைமையில் நடந்த பெரும் வேலை நிறுத்தம் அப்படித்தான் மூண்டது. பெண்கள் சிறைக்குப் போனார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று காய்ச்சலோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22ல் பதினாறு வயதில் உயிர் நீத்தார். அந்த வருடமே வரி நீக்கப்பட்டது.

அன்று ஆபிரிக்கச் சுரங்க வாசலுக்குப் போன அந்தத் தமிழ்ப் பெண்கள் தொழிலாளரின் உரிமை கேட்கப் போனவர்கள். இன்று ஒரு பிள்ளை பட்டத்தோடு அந்த வாசலுக்குப் போனாலும் இந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

இதன் மறுபக்கம்

எல்லாம் தங்கமும் வைரமும் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஜொகன்னஸ்பேர்க்குக்கு அருகிலுள்ள ம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் ஆழம். நம் பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர் உயரம். அந்த மலையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புதைத்தாலும் சுரங்கத்தின் அடியைத் தொடாது. அங்கே பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். ஐஸ் இறக்கிக் குளிர்விக்கிறார்கள்.

பாறைத் தூசி நெஞ்சில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். ஆயிரக்கணக்கான தொழிலாளர் இந்த நோயோடு ஊருக்குத் திரும்பினார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2018ல் தங்க நிறுவனங்கள் நட்டஈட்டு உடன்பாட்டுக்கு வந்தன, 2019ல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆலையிலிருந்து வெளியேறும் சேற்றை அணை கட்டித் தேக்குவார்கள். 1994 பெப்ரவரியில் மெரிஸ்புரூட் என்ற ஊரில் மழையில் அப்படியொரு அணை உடைந்து 17 பேர் இறந்தார்கள். மண்சரிவுக்குப் பயந்து மழை இரவுகளில் லயத்தில் விழித்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2012 ஓகஸ்டில் மரிகானா பிளாட்டினம் சுரங்கத்தில் சம்பள உயர்வு கேட்டு நின்ற தொழிலாளரில் 34 பேர் ஒரே நாளில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள்.

பெண்களுக்கென்று தனிக் கஷ்டமும் உண்டு. ஆண்களுக்குத் தைத்த உடுப்பு, போதிய மலசலகூடம் இல்லாமை, தொந்தரவு. 2012ல் ஒரு பெண் தொழிலாளி நிலத்தடியிலேயே கொலை செய்யப்பட்டது அந்நாட்டை உலுக்கியது. அதன் பிறகே பெண்களின் பாதுகாப்பைப் பற்றிப் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் சொல்வது பிள்ளையைப் பயமுறுத்த அல்ல. தூசியைக் குறைப்பதும், அணையைக் காப்பதும், நஞ்சை அடக்குவதும் பொறியியலாளரின் கையில்தான் இருக்கிறது. தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால், கணக்குப் போடும்போது தொழிலாளியின் நெஞ்சையும் கணக்கில் சேர்ப்பார் என்று நாம் நம்புகிறோம்.

நம் நாட்டில் முன்னே போனவர்

இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் என்று அறியப்படுபவர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம். 1960ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் சேர்ந்தார். கட்டடக் கட்டமைப்புத் துறையில் ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, நாடு திரும்பி அரசாங்கத்தில் வேலை செய்தார். 2019ல் நம் பாராளுமன்றம், மாற்றம் கொண்டுவந்த பெண்கள் என்று கௌரவித்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் தகப்பனார் ஒரு பொறியியலாளர், வீட்டில் வழி காட்ட ஆள் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. இலவசக் கல்வி 1945ல் நாட்டுக்கு வந்தும், நம் தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியில்தான் பெருமளவில் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தி ஓடத் தொடங்கினோம். ஆகவே வழிகாட்டும் வேலையை நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும்.

வழி இதுதான்: படி படியாக

முதலாவது படி ஒன்பதாம் பத்தாம் வகுப்பு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பிள்ளை பின்தங்கினால் அப்போதே பிடிக்க வேண்டும். சாதாரண தரத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது டியூசன் தேடுவது, கருகிய தூளை மறுபடி வாட்டுவது போல.

இரண்டாவது படி உயர்தரம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். நம் பகுதியில் தமிழ் மொழியில் இந்தப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் குறைவு, ஆசிரியர் குறைவு. பிள்ளை பஸ் ஏறி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டி வரும். "பொழுதுபட்டு வர்ற புள்ளைய எப்படி விடுறது?" என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. ஒரே தோட்டத்திலிருந்து நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து போய்வர ஏற்பாடு செய்யலாம். பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வீட்டார் என்று முறை வைத்துப் போகலாம். பட்டணத்தில் உறவினர் வீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது படி பல்கலைக்கழக அனுமதி. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான படிப்புகளுக்கு, இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் கொடுக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டக் கணக்கில் சேரும் என்பதற்குப் படித்த பாடசாலையும் பார்க்கப்படும். ஆகவே வேறு மாவட்டத்துக்குப் பாடசாலை மாற்றும் முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலை அதிபரிடம் கேட்டு வாசியுங்கள். அவசரப்பட்டு மாற்றி இடத்தை இழக்க வேண்டாம்.

நான்காவது படி பட்டப்படிப்பு. பேராதனையிலும் மொறட்டுவையிலும் இரசாயனப் பொறியியல் இருக்கிறது. படிப்பு நாலு வருடம். முதலில் எல்லோரும் பொதுவாகப் படித்து, பிறகு துறையைத் தெரிவு செய்வார்கள். மொறட்டுவையில் சுரங்கத்துக்கு நெருக்கமான புவி வளங்கள் பொறியியல் துறையும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நம் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கணக்கு வரும், மொழி வராது. இப்போதிருந்தே தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிக்கப் பழகினால் அந்தச் சுவர் பாதி உயரமாகிவிடும்.

செலவுக்கு? அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும் உதவிப் பணமும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடக்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வரும். பத்திரிகை வாங்காத வீடு என்றால் கிராம சேவகரிடமோ அதிபரிடமோ கேட்டு வையுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருந்து, கடைசி நேரத்தில் ஓடித்திரியும் குடும்பங்கள் அநேகம். அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஐந்தாவது படி வெளிநாடு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014ல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. தென்னாபிரிக்கா 1999லேயே உறுப்பினர். அதாவது இங்கே அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டத்தை அங்கேயும் சம மட்டத்தில் மதிக்கிறார்கள். வேலை தானாகக் கிடைக்கும் என்பதல்ல இதன் பொருள். வேலை அனுபவமும், விசாவும், அந்நாட்டுப் பதிவும் வேண்டும். வழக்கமாக இங்கே சில வருடம் ஓர் ஆலையில் வேலை செய்துவிட்டுப் போவதே நல்லது. தேயிலை, இறப்பர், சிரட்டைக் கரி, புல்மோட்டை கனிம மணல், பொகலைக் காரீயம் என்று பழக இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

ஆபிரிக்காவில் வேலை இருக்கிறதா என்று கேட்கலாம். தென்னாபிரிக்காவின் தங்கம் குறைந்துவிட்டது உண்மை. 1970ல் வருடத்துக்கு 1,000 தொன் எடுத்த நாடு இன்று அதில் பத்தில் ஒரு பங்களவே எடுக்கிறது. ஆனால் மின்சார வண்டிகளுக்கும் பட்டரிகளுக்கும் வேண்டிய செப்பு, கோபால்ட் போன்றவற்றுக்குக் கொங்கோ, சாம்பியா நாடுகளை உலகம் தேடிப் போகிறது. உலகத்துக் கோபால்டில் பாதிக்கும் மேல் கொங்கோவிலிருந்துதான் வருகிறது. அதைத் தாதிலிருந்து பிரிப்பதும் இரசாயனப் பொறியியலே.

ஓர் எச்சரிக்கை. "ஆபிரிக்காவில் சுரங்க வேலை, இலட்சக்கணக்கில் சம்பளம், முன்பணம் கட்டு" என்று யாராவது வந்தால் கட்ட வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அந்த முகவரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

உயர்தரக் கணிதம் கிடைக்கவில்லை என்றால்?

கதவு ஒன்று மட்டுமல்ல. உயர்தரத்தில் 2013ல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா நடத்துகிறது, அதில் இரசாயனப் பொறியியலும் ஒரு துறை. என்.வி.கியூ. தொழிற் தகைமையில் படிப்படியாக ஏறிப் பட்டம் வரை போகவும் வழி உண்டு. சுரங்கத்து ஆலையில் பொறியியலாளருக்கு அடுத்தபடி மாதிரி சோதிப்பவர், ஆய்வுகூட உதவியாளர், இயந்திரம் இயக்குபவர் என்று பல வேலைகள் இருக்கின்றன. ஒரு பரீட்சையில் தவறியதும் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எல்லாப் பிள்ளைகளும் ஆபிரிக்கா போக வேண்டும் என்பது நம் நோக்கம் அல்ல. கணிதம் நன்றாக வரும் பிள்ளையை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேறு பக்கம் திருப்பக் கூடாது என்பதே நாம் கேட்பது. ஒரு நாளைக்கு இருபது கிலோ கொழுந்துக்கு மேல் பறித்து, நிறையில் எவ்வளவு கழித்தார்கள் என்று மனக்கணக்கில் சரியாகச் சொல்லும் அம்மாவின் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

இந்த வருடம் சாதாரண தரம் எழுதிய பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அவளே வாசித்துக் காட்டட்டும். உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் முன் விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும் அவசரத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டாம். சம்பள நாள் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளை என்ன நினைக்கிறாள் என்றும் கேட்டு எடுங்கள்.